தோண்டிய நிலத்தைத் தேற்றுதல்: கொங்கு நாட்டில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்லும் தாதுவும் செம்மண்ணும் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தை மீட்க விரும்புவோர் பெரும்பாலும் மரக்கன்றுகளோடுதான் வந்து இறங்குகிறார்கள். ஆடி மாதம் குழி தோண்டி, கன்று நட்டு, படம் எடுத்து, நான்கு முறை லாரித் தண்ணீர் ஊற்றிவிட்டு மாசியில் போய்ப் பார்த்தால் குச்சிகள் மட்டும் நிற்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுண்ணாம்புக்கல் கழிவு கொட்டிய ஒரு மேட்டில் நண்பர்களோடு சேர்ந்து நட்ட கன்றுகளில் மறு ஆண்டு மிஞ்சியவை, அதே மேட்டில் யாரும் நடாமல் தானாக முளைத்திருந்த ஆவாரைச் செடிகளைவிடக் குறைவாக இருந்தன. எங்கள் கன்றுகளுக்கு இல்லாத எதுவோ அந்த ஆவாரைக்குக் கிடைத்திருந்தது. அது என்ன என்று கேட்காமல் நட்டதே எங்கள் பிழை. ஆகவே இந்தக் கட்டுரையில் மரம் கடைசியில்தான் வருகிறது. கேட்டின் காரணத்தை நிறுத்துவது, மண்ணை அறிவது, சரிவைத் திருத்தி நீரைத் தேக்குவது, புல்லை நிலைநிறுத்துவது ஆகியவை அதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலைகள்.

எந்த நிலம், எந்தக் காயம்

கொங்கு நாட்டில் சுரங்கம் என்றால் ஒன்றல்ல. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சேலத்துக்கு வடக்கே ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று தெரியும் குன்றுகளில் மேக்னசைட் வெட்டப்படுகிறது. ஆங்கிலேயர் அவற்றின் நிறத்தைப் பார்த்துச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று பெயரிட்டார்கள். ஆனால் அது சுண்ணாம்பு அன்று, மக்னீசியம் மிகுந்த வேறொரு கனிமம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் எடுத்து மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியமாக்கினார்கள். அலுமினியத்தைப் பிரித்தபின் மிஞ்சிய செஞ்சேறு அங்கேயே தங்கிவிட்டது. கோயம்புத்தூரின் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகளுக்காகச் செம்மண் வெட்டியதில் ஓடைகள் திசைமாறி, மரங்கள் வேரோடு தொங்கும் அளவுக்குக் கரைகள் உருவாயின. 2021இல் அந்தச் சூளைகள் மூடப்பட்டன. பல்லடம், கரூர், நாமக்கல் பக்கம் எங்கு திரும்பினாலும் கல்குவாரிகளும், வெட்டி முடித்துத் தண்ணீர் நிற்கும் பாறைக்குழிகளும் உண்டு. கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் கொட்டிய கருமணல் மேடுகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

உலோகம் உருக்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நொய்யற்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து அவ்வூரைக் கொடுமணம் என்கிறது. உலையிலிருந்து வழிந்த இரும்புக் கிட்டம் அங்கே இன்னும் மண்ணோடு மண்ணாகாமல் கட்டியாகவே கிடக்கிறது. உருக்கின் கழிவு தானாகக் கரைந்து மறைந்துவிடும் என்று எண்ணுவோர் அந்தக் கட்டியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இத்தனையும் ஒரே நோய் அல்ல என்பதால் ஒரே மருந்தும் இல்லை. சுண்ணாம்புக்கல் மேட்டில் சுண்ணாம்பு மிகுந்து, இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் வேருக்கு எட்டாமல் போகின்றன. மேக்னசைட் மேட்டில் மக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைகிறது. அந்தப் பாறையோடு நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே இருக்கும். செம்மண் வெட்டிய இடத்தில் நஞ்சு எதுவும் இல்லை, மேல்மண்தான் இல்லை. கல்குவாரியில் மண்ணே இல்லை. செஞ்சேறோ மண் என்று சொல்லத் தகாத அளவுக்குக் காரம் மிகுந்தது.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, நிலம் யாருடையது? பட்டா நிலமா, புறம்போக்கா, வனத்துறை நிலமா, குத்தகை முடிந்ததா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டக் கனிமவள அலுவலகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகை முடியாத நிலத்தில் நீங்கள் விதைத்த புல்லின்மேல் மறுமாதம் கழிவு வந்து கொட்டப்பட்டால் யாரையும் நோவதற்கில்லை.

இரண்டாவது, மீட்கும் கடமை யாருடையது? பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம். அதற்கும் மேலாக, வெட்டி முடித்த நிலத்தில் தீவனம் வளரும்படி குத்தகைதாரரே தம் செலவில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாடு வளர்க்கும் நாட்டில் இந்த ஆணையை அறியாத ஊராட்சித் தலைவர் இருக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையில் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே நிதி சேர்கிறது. சுற்றுச்சூழல் பணிகளுக்கும் அதில் இடம் உண்டு. தன்னார்வலர்கள் தம் கைக்காசைப் போடுவதற்குமுன் இந்த இரண்டு கதவுகளையும் தட்டுவது நல்லது.

மூன்றாவது, கெடுதல் நின்றுவிட்டதா? இதற்குக் கனடாவின் சட்பரி நகரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே நிக்கல், செம்புத் தாதுவைத் திறந்த வெளியில் விறகடுக்கி வறுத்தும், பின்னர் உலைகளில் உருக்கியும் எழுந்த கந்தகப் புகை பல பத்தாண்டுகள் மண்ணில் படிந்து, மரமும் புல்லும் போய், கரும்பாறை மட்டும் மிஞ்சியது. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுப்பப்பட்டது. பழைய உலைகள் சில மூடப்பட்டன. கந்தகப் புகையும் படிப்படியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு 1978இல்தான் நகராட்சி மாணவர்களைக் கூலிக்கு அமர்த்திப் பாறைச் சரிவுகளில் கையாலேயே சுண்ணாம்புத்தூள் தூவத் தொடங்கியது. தொடர்ந்து உரமும், புல் விதையும், பயறு வகை விதையும் தூவப்பட்டன. 2022இல் ஒரு கோடியாவது மரக்கன்று நடப்பட்டது. புகை குறையாமல் இருந்திருந்தால் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் வீணாகியிருக்கும். நம் ஊரில் புகைக்குப் பதில் புழுதி: அருகில் கல்லரைக்கும் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தால் இலைமேல் படியும் தூசிக்கு முதலில் வழி செய்யாமல் நடவைத் தொடங்காதீர்கள்.

சட்பரியிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத பாடமும் ஒன்று உண்டு. அங்கே மண் கடும் அமிலமாகிவிட்டதால் சுண்ணாம்பு மருந்தாயிற்று. அதைப் படித்துவிட்டு மதுக்கரையிலோ சேலத்திலோ சுண்ணாம்பு தூவினால், ஏற்கெனவே காரமாக உள்ள மண்ணை மேலும் கெடுப்பதாகும்.

மண்ணைப் படித்தல்

நிலத்தை முதலில் நடந்து பாருங்கள்; சித்திரை, வைகாசி அதற்கு ஏற்ற காலம். எங்கே தானாகச் செடி முளைத்திருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஆவாரை, விராலி, கொழிஞ்சி, எருக்கு போன்றவை நிற்கும் இடம் வேர் பிடிக்கக்கூடிய இடம். அவற்றிலிருந்தே விதை சேகரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கழிவு மண்ணைத் தாங்கி வளர்ந்த செடியின் விதை, நாற்றங்காலில் நல்ல மண்ணில் வளர்ந்த கன்றைவிட அங்கே நிற்கும் வாய்ப்பு மிகுதி. மொட்டையாகக் கிடக்கும் இடங்களில்தான் மண் மாதிரி அதிகமாக எடுக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை வயலில் எடுப்பதைப் போன்றதே. ஆங்கில வி எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஒரு பக்கச் சுவரிலிருந்து சீவி எடுத்து, ஒரே தன்மையுள்ள பகுதியின் பல இடங்களிலிருந்து எடுத்தவற்றைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்துத் துணிப்பையில் கட்ட வேண்டும். வெவ்வேறு நிறமுள்ள மேடுகளை ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. உலோகங்களைச் சோதிக்க வேண்டுமானால் இரும்பு மண்வெட்டி படாத பகுதியை மரக்கரண்டியாலோ மூங்கில் சிம்பாலோ எடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் அமில-கார நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, பேரூட்ட, நுண்ணூட்டச் சத்துகளைப் பார்த்துச் சொல்வார்கள். சேலத்து மேக்னசைட் மண்ணுக்குக் கால்சியம், மக்னீசியம் இரண்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். நிக்கல், குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

அறிக்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தொட்டிச் சோதனை ஒன்று வைக்கலாம். எட்டுப் பழைய பெயின்ட் வாளிகளை எடுத்து நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு, இரண்டில் அந்த மேட்டு மண்ணை மட்டும், இரண்டில் மண்ணோடு மக்கிய தொழுவுரம், இரண்டில் மண்ணோடு கால்சியம் தரும் ஜிப்சம், இரண்டில் மூன்றையும் சேர்த்து நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பாதியில் சோளமும் பாதியில் கொள்ளும் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஆறு வாரம் பாருங்கள். சோளத்தின் இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்புக்கிடையே மஞ்சள் கோடாகவும் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள்; சுண்ணாம்புக்கல் மண்ணில் இதை அடிக்கடி காணலாம். ஜிப்சம் சேர்த்த வாளியில் மட்டும் பயிர் தேறினால், மக்னீசியத்துக்கு எதிரே கால்சியம் தேவைப்படுகிறது என்று அறியலாம். தொழுவுரம் ஒன்றே போதுமானதாக இருந்தால் ஜிப்சத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நான்கில் எதிலுமே முளைக்காவிட்டால், அல்லது முளைத்து வேர் நுனி கருகிப்போனால், அந்த மண் உங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்று ஒப்புக்கொண்டு வல்லுநரிடம் போக வேண்டும். இந்த எட்டு வாளிகள் எனக்குச் சொன்ன அளவுக்கு எந்த அச்சிட்ட அறிக்கையும் சொன்னதில்லை.

பாறைத் தூள் மண் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க அந்தப் பாறையைப் பொடித்துத்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கை நிலவு மண்ணை உண்டாக்கியது. குவாரித் தூள் மேடும் ஏறத்தாழ அப்படிப்பட்ட நிலவு மண்தான்: கனிமம் இருக்கும், உயிர் இருக்காது.

சரிவும் நீரும்

கழிவைக் கொட்டியபடியே விட்டால் மேட்டின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கும். ஒரு மழைக்கு விதையும் உரமும் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஓரடி உயரத்துக்கு இரண்டடி நீளம் என்ற கணக்கிலாவது சரிவைச் சாய்க்க வேண்டும். இதற்கு ஜேசிபி தேவை. மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சாய்க்கும்போது பெருங்கற்களை எல்லாம் புதைத்துவிடாமல் மட்டக்கோட்டில் அடுக்கிக் கல்வரப்பாக்குங்கள். வரப்புக்கு வரப்பு இடையே பிறைநிலா வடிவில் சிறு பள்ளங்களைச் சரிவின் மேற்புறம் வாய் இருக்கும்படி வெட்டினால் நீரும் வண்டலும் காற்றில் வரும் விதையும் அதில் தங்கும். சமமட்டம் பார்க்க நீர் நிரப்பிய நெகிழிக் குழாய் ஒன்று போதும். கொத்தனார்கள் பயன்படுத்துவது அதுதான்.

மண் வேலை அனைத்தும் ஆவணிக்குள் முடிந்துவிட வேண்டும். கொங்குச் சமவெளியின் பெரும்பகுதியில் ஆண்டு மழை 600 முதல் 700 மி.மீ.; அதில் நம்பத்தக்கது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மேற்கே சாரலைக் கொடுத்தாலும், கிழக்கே காங்கயம், தாராபுரம் பக்கம் வரவர வறண்ட காற்றாகி இளங்கன்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது உழுத காட்டுக்குச் சொன்னது. நிழலே இல்லாத வெள்ளை மேட்டுக்கு அது பொருந்தாது.

மண்ணுக்கு உணவு

மேல்மண் எங்காவது தனியாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தால் அது புதையல், 15 செ.மீ. தடிமனாவது பரப்புங்கள். ஆனால் பல ஆண்டுகள் உயரமாகக் குவிந்து கிடந்த மண்ணில் விதையும் நுண்ணுயிரும் பெரும்பாலும் மடிந்திருக்கும். அருகிலுள்ள பழைய வேலியோர மரங்களின் அடியிலிருந்து நாலைந்து கூடை மண் கொண்டுவந்து பள்ளங்களில் தூவினால் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் வந்து சேரும். கூடை அளவுக்குமேல் அள்ளிவிடாதீர்கள். ஓரிடத்தைத் தேற்ற இன்னோரிடத்தைத் தோண்டுவது நம் வேலை அல்ல.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு மலைபோல் கிடைக்கும். அதைப் பச்சையாகப் போட்டால் மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகச் சேர்த்து, ஈரம் காயாமல் மக்கவைத்து, கருநிறமான பின்பே பயன்படுத்த வேண்டும். மேக்னசைட் மண்ணுக்கு இதோடு ஜிப்சமும் சேரும்; அளவைத் தொட்டிச் சோதனையும் மண் அறிக்கையும் முடிவு செய்யட்டும்.

குளத்து வண்டலை உரிய அனுமதியோடு எடுக்கலாம், ஆனால் எந்தக் குளம் என்று பார்த்து எடுங்கள். நொய்யல் வழியே சாயக்கழிவு பல்லாண்டுகள் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நொய்யல் நீர் பாய்ந்த குளத்து வண்டலை உப்பும் உலோகமும் சோதிக்காமல் கொண்டுவந்தால் ஒரு நோய்க்கு மருந்தாக இன்னொரு நோயைக் கொடுத்ததாகும்.

புல்: கொறங்காடு காட்டும் வழி

வறண்ட நிலத்தை உயிரோடு வைத்திருக்கும் முறை ஒன்றைக் கொங்கு நாட்டு உழவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோயில் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மூன்றே உறுப்புகள்: தரையில் கொழுக்கட்டைப் புல், அதன்மேல் எட்ட எட்ட நிற்கும் வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை வேலி. சரளை மண்ணிலும் குறைந்த மழையிலும் காங்கயம் மாட்டையும் மயிலம்பாடி ஆட்டையும் தாங்கி நிற்பது இந்த மூன்றும்தான். தோண்டிய நிலத்தை எதுபோல ஆக்க வேண்டும் என்று கேட்போருக்கு என் விடை, அடர்ந்த சோலை போல அல்ல, நல்ல கொறங்காடு போல என்பதே. மலைச்சரிவை ஒட்டிய தடாகம், ஏற்காட்டு அடிவாரம் போன்ற இடங்களுக்கு மட்டும் அருகிலுள்ள புதர்க்காட்டை மாதிரியாகக் கொள்ளலாம்.

முதலில் வேலி. கோடை மழை பெய்த ஈரத்தில் முள்கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் அவை வேர்விட்டுத் தழைக்கும். அது உயிர்வேலியாக அடைய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வெட்டிய முள்ளை அடைத்து வையுங்கள். வேலி இல்லாத நிலத்தில் விதைப்பது அக்கம்பக்கத்து ஆட்டுக்கு விருந்து வைப்பது.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு வகை விதைகளைச் சேர்த்து விதைக்கலாம். விரைந்து முளைத்து நிலத்தை மூடும் கொள்ளு, நரிப்பயறு, தட்டைப்பயறு, கொழிஞ்சி ஆகியவை ஒரு வகை. இவை வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். இவற்றை அறுவடை செய்யாமல் அங்கேயே மடக்கிவிட வேண்டும். நிலைத்து நிற்கும் கொழுக்கட்டைப் புல் இன்னொரு வகை. ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதை போதும். இப்போது பறித்த கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது. உறக்கம் தெளிய ஆறேழு மாதம் ஆகும், ஆகையால் சென்ற பருவத்து விதையாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சுபோல இருக்கும் அந்த விதை காற்றில் பறந்துவிடாதிருக்க, செம்மண்ணும் சாணமும் கலந்து பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி உலர்த்தி, பள்ளங்களிலும் கல்வரப்பின் மேலோரத்திலும் போடலாம். ஒரு சென்டிமீட்டருக்குமேல் ஆழமாகப் புதைத்தால் முளைக்காது.

முதலாண்டு புல் திட்டுத்திட்டாகத்தான் வரும், பார்ப்பதற்கு வெட்கமாகக்கூட இருக்கும். அந்தத் திட்டுகளே மறு ஆண்டு விதை கொடுக்கும் என்பதால் அவற்றை அறுக்கவோ மேய்க்கவோ வேண்டாம். மண் அறிக்கையில் உலோகம் இல்லை என்று உறுதியான நிலத்தில் மட்டும், மூன்றாம் ஆண்டு தையில், விதை உதிர்ந்தபின், செம்மறியாட்டுப் பட்டி போடலாம். இரவுக்கிரவு பட்டியை மாற்றி மாற்றி அடைத்தால் எருவும் நீரும் மேடு முழுவதும் பரவும். குளம்பு பட்டு மேற்பரப்பின் இறுகிய ஏடும் உடையும். வெள்வேலக் காய் தின்ற ஆடாக இருந்தால் விதையும் அதன் வயிற்றுவழி பதப்பட்டு வந்து விழும், நாற்றங்கால் செலவு இல்லை.

மரம், கடைசியில்

புல் ஒரு மழையைத் தாண்டி நின்றபின் மரத்தைப் பற்றி யோசிக்கலாம். வெள்வேல், ஊஞ்சை, வன்னி, இலந்தை, வேம்பு, குடைவேல் ஆகியவை வறண்ட மேட்டுக்கு. நீர் தங்கும் அடிவாரத்துக்குப் புங்கம், நொச்சி, அத்தி. சீமைக்கருவேல் எங்கும் தானாக வரும், அதை நட வேண்டாம். ஏற்கெனவே நின்றால் ஒரேயடியாக வெட்டி மண்ணை வெயிலில் காட்டாமல், நம் மரம் தலையெடுக்கும் இடங்களில் மட்டும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுங்கள். கொறங்காட்டு முறையில் மரம் எட்ட எட்டத்தான் நிற்கும்; ஏக்கருக்கு 40 மரம் என் கணக்கில் தாராளம். நான்கைந்து காய்ந்த கொம்புகளை ஆங்காங்கே நட்டு வைத்தால் காகமும் மைனாவும் வந்து அமர்ந்து வேப்பங்கொட்டையும் இலந்தைக்கொட்டையும் போட்டுவிட்டுப் போகும். தடாகம் போல யானை நடமாடும் இடங்களில் வாழை, மூங்கில், பலா எதையும் ஊருக்கு அருகில் வைக்காதீர்கள்.

சுண்ணாம்புக்கல் குவாரியில் பணியாற்றுவோர் கென்யாவின் மொம்பாசா அருகே நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 1971இல் ரெனே ஹாலர் என்பவர் சிமென்டு ஆலையின் வெட்டிமுடித்த குவாரியில் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே வகை, அவற்றில் ஒன்று நமக்குத் தெரிந்த சவுக்கு. சவுக்கு தழைத்தது, ஆனால் அதன் ஊசிச் சருகு மக்காமல் மெத்தையாகக் குவிந்தது. அவர் சிவப்புக் கால் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்; அவை சருகைத் தின்று எச்சமாக்க, பாறைமேல் கருமண் உண்டாயிற்று. மரவட்டையை நம் குழந்தைகள் ரயில் பூச்சி என்பார்கள். மொம்பாசாக்காரர்களும் ரயில் என்றே அழைக்கிறார்கள். நம் மேடுகளிலும் புல்லுக்கடியில் ரயில் பூச்சியும் சாணி உருட்டும் வண்டும் வந்துவிட்டனவா என்று பார்ப்பது மரத்தின் உயரத்தை அளப்பதைவிடப் பயனுள்ளது.

பாறைக்குழிகள்

ஆழமான குழியை நிரப்பிவிட வேண்டும் என்ற ஆவலில் அதை ஊர்க் குப்பைக்குத் திறந்துவிடுவது இப்போது பல இடங்களில் நடக்கிறது. பாறை வெடிப்புகள் வழியே அந்தச் சாறு அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும் என்பதால் அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். விளிம்பைச் சுற்றிக் கற்சுவரோ முள்வேலியோ போட்டு, ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கச் சாய்தளம் அமைத்தால் விழுந்த ஆடும் தவறிய மனிதரும் கரையேற வழி இருக்கும். செங்குத்துச் சுவர் முழுவதையும் இடிக்க வேண்டாம். மனிதர் எட்ட முடியாத திண்டுகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடும்.

தொடக்கூடாதவை

செஞ்சேற்று மேடு, வார்ப்பாலை மணல் மேடு, பழைய பேட்டரி உருக்கிய இடம், மண் அறிக்கையில் குரோமியமோ ஈயமோ மிகுந்த இடம் ஆகியவற்றில் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கக் கூடாது. செஞ்சேற்றின் காரம் தோலைப் புண்ணாக்கும். காய்ந்தால் தூளாகிப் பறக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து, மேட்டை மூடும் வேலையைப் பொறுப்புடையவரைக் கொண்டு செய்விப்பதே அங்கு உங்கள் பணி. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் கீரையையோ புல்லையோ மாட்டுக்கும் போடாதீர்கள். மற்ற மேடுகளிலும் கற்தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் காற்று நாளில் முகக்கவசமின்றி வேலை செய்யாதீர்கள். குழந்தைகளைக் குவாரி விளிம்புக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

கணக்கு

நிலத்தின் நான்கு மூலைகளில் நான்கு கல் நட்டு, ஒவ்வொரு ஆண்டும் தை முதல் வாரத்தில் அதே கல்லின்மேல் நின்று அதே திசையில் ஒரு படம் எடுங்கள். ஒரு மீட்டர் நீளச் சோளத்தட்டை நான்கை எடுத்துச் சதுரமாகக் கட்டி, பத்து இடங்களில் தரையில் வைத்து, உள்ளே எத்தனை பங்கு புல், எத்தனை பங்கு வெறும் மண், எத்தனை வகைச் செடி என்று எழுதுங்கள். அந்தப் பத்து இடங்களில் மூன்றையாவது, தொடக்கத்தில் ஒன்றுமே செய்யாமல் விட்ட பகுதியில் வையுங்கள். அப்போதுதான் வந்த மாற்றம் உங்கள் உழைப்பாலா, மழையாலா என்று பிரித்தறிய முடியும். மூன்றாம் ஆண்டு மீண்டும் மண்ணை எடுத்துக் கரிமச் சத்தைச் சோதியுங்கள். புல்லின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறாமல் நின்றுவிட்டால் மேலும் விதை தூவுவதற்கு முன், அந்த எட்டு வாளிகளை மறுபடியும் கழுவி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.